பாறையைத் தாண்டிப் போனோம்

இஞ்சேருங்கோ, என்ரை ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மலை உச்சிக்குப் போய்விட்டோம்! வேறு எந்த மலை? இந்த நோர்வேயில், ரொம்சோஸில் நம்முடைய வீட்டுக்குப் பின்னால் நிற்கிற அதே சின்ன மலைதான். நானும் பெரியவள் மதுராவும் சின்னவள் ஆரணியும். எனக்கு எழுத்துப்பிழை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருந்தபோது ஒவ்வொரு வசந்தத்திலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். நான் வீட்டில் சமைத்துக்கொண்டு நிற்பேன். பாதிவழியில் இருக்கிற பெரிய பாறையோடு, "அடுத்தமுறை பாப்பம்" என்று திரும்பிவிடுவீர்கள். மூச்சு வாங்குகிறது என்று ஒருநாளாவது எனக்குச் சொன்னீர்களா? உங்கள் நெஞ்சு நின்ற பிறகுதானே டொக்டர் சொல்லி அறிந்தேன்.

இந்த வருசம் ஆரணி, "அப்பா இல்லாமல் ஆர் எங்களைக் கூட்டிக்கொண்டு போறது?" என்று அழுதாள். "ஏன், நானென்ன செத்தே போனன்?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா?

சித்திரை பிறந்தும் பனி கரையவில்லை. பார்த்தால் கெட்டி மாதிரி, கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிறது. ஆரணியின் சப்பாத்து ஒன்று உள்ளே போய், கையால் தோண்டி எடுத்தோம். பாறையடிக்கு வந்ததும், "அப்பா இதோடை திரும்புறவர்" என்று அவள் நின்றுவிட்டாள்.

அப்போது மேலே இருந்து வயதான நோர்வே அம்மா ஒருவர் தடியூன்றி வந்தார். எங்களைப் பார்த்து "ஸ்னூ, ஸ்னூ" என்று கையை ஆட்டினார். இங்கே பனியை ஸ்னோ என்பார்கள்தானே. பனியைப் பற்றித்தான் கதைக்கிறார் என்று நினைத்து, "யா, யா! ஸ்னோ! நல்ல வடிவு!" என்று தமிழும் கலந்து சிரித்தபடி நடந்தேன். அவர் தன் தலையில் கைவைத்தார். பிள்ளைகள் என் பின்னால் வந்தார்கள்.

கடைசித் துண்டு தவழ்ந்துதான் ஏறினோம். உச்சியில் நல்ல வெயில். நம்முடைய மாடிவீடுகள் முழுவதையும் ஆரணி ஒரு விரலால் மறைத்துக் காட்டினாள். தூரத்தில் கடல் மின்னியது. தோடம்பழம் உரித்துத் தின்றோம்.

அப்போதுதான் மதுரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, அவ ஸ்னோ எண்டு சொல்லேல்லை. ஸ்னூ எண்டால் திரும்பிப் போங்கோ எண்டு அர்த்தம்."

"அடி கள்ளி! அப்பவே ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் திரும்பியிருப்பியள்."

உண்மைதானே? ஆராவது சொன்னால் திரும்பிவிடுகிறவள்தான் நான். ஓங்கின கையால் அவளை இழுத்து அணைத்தேன். மூன்று பேரும் பனிக்குள் விழுந்து சிரித்தோம். நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பிள்ளைகளை நினைத்து இனிக் கவலைப்படாதீர்கள். அவர்கள் போகவேண்டிய இடமெல்லாம் நான் கூட்டிக்கொண்டு போவேன். வழி தெரியாவிட்டால் கேட்டுக் கேட்டுப் போவேன். இது சத்தியம்.

உங்கள் இரண்டு பெட்டையளின் அம்மா,
உங்கள் மனுசி