தண்ணீர் வேண்டாத ஆமை

ஜூன் 12, 2024, புதன்

கடைக்கு ஒரு ஆமை வந்திருக்கிறது. உயிருள்ள ஆமை.

ஜெயக்கொடி அக்காவின் தையல் கடை வாசலில் பித்தளை உருளி உண்டு. அதில் தண்ணீர், பூ, நடுவே வடக்கு பார்த்த சின்னப் பித்தளை ஆமை. வாஸ்துவுக்கு. காலையில் தண்ணீர் மாற்றிப் பூப்போடுவது என் வேலை. அப்புறம்தான் கொக்கி தைக்க உட்காருவேன். இன்று அக்காவின் அண்ணன் பொன்னுரங்கம் பித்தளையை எடுத்துவிட்டு நிஜ ஆமையை வைத்தார். மனை விஷயமாக ஆந்திரா பக்கம் போனபோது வாங்கினாராம்.

"பித்தளையே இவ்ளோ வியாபாரம் குடுத்துச்சுன்னா உசுரோட இருக்கறது எவ்ளோ குடுக்கும்!"

கறுப்பு ஓட்டில் கட்டம் கட்டமாக மஞ்சள் நட்சத்திரங்கள். ரவிக்கையில் போடும் ஆரி பூவேலையில்கூட இவ்வளவு சீராக வராது. நான் எட்டிப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பொன்னுரங்கம் அண்ணன் சிரித்தார். "ஜெயா, உன் கடையில இப்ப ரெண்டு ஆமை. ஒண்ணு உருளில, ஒண்ணு மிஷினாண்ட."

கோபம் வரவில்லை. உண்மைதானே.

ஜூன் 14, வெள்ளி

கல்யாண ரவிக்கைகள் மொத்தமாக வந்தன. ஆமையின் ராசி என்கிறார் அக்கா. அது நாளெல்லாம் உருளியின் விளிம்பைப் பிடித்து ஏறுகிறது, வழுக்கி விழுகிறது, மறுபடி ஏறுகிறது. "பாரேன், என்னா சுறுசுறுப்பு! நம்ம வியாபாரமும் இப்டித்தான் ஏறப்போவுது."

அக்கா நல்லவர். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. பத்தாவது பாதியில் நின்றுவிட்டேன். ஏன் என்று துருவாமல் வேலை கொடுத்தது அவர் ஒருவர்தான். கடையில் யாரிடமும் பேச வேண்டாம். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

கீரை வைத்தேன். தின்னவில்லை.

ஜூன் 20, வியாழன்

அதன் மூக்கில் குமிழி வருகிறது. கண் வீங்கி மூடியே இருக்கிறது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றினேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து சபையிலிருந்து வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். எல்லோரும் சிங்கம் பார்க்க ஓடினார்கள். நான் ஓரமாக நடந்தேன். அங்கே நம் ஆமை மாதிரியே நட்சத்திர ஓட்டு ஆமைகள்! கட்டாந்தரை, காய்ந்த புல், முள்செடி. தண்ணீர் என்று பார்த்தால் தட்டையான ஒரு தட்டில் கொஞ்சம், அவ்வளவுதான்.

பலகையை இரண்டு முறை படித்தேன். கையோடு கொண்டுபோன அம்மா போனில் படமும் எடுத்துக்கொண்டேன். தரையில் வாழும் ஆமையாம். நீந்தத் தெரியாது. வீட்டில் வைக்கவும் வெளிநாட்டில் விற்கவும் பிடித்துப் பிடித்தே காட்டில் குறைந்துவிட்டதாம். வைத்திருப்பது குற்றம். கீழே ஒரு தொலைபேசி எண்.

அப்படியானால் அது சுறுசுறுப்பு இல்லை. நான் செம்பு செம்பாக ஊற்றினேனே!

வீட்டுக்கு வந்து சொன்னதை அம்மா கேட்டுவிட்டு, "உனுக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு? அவங்க வூட்டு ஆமை, அவங்க பாடு. வேலைய வுட்டு நிறுத்திட்டா இன்னா பண்ணுவ?" என்றார்.

ஜூன் 24, திங்கள்

காலையில் உருளியில் தண்ணீர் ஊற்றவில்லை. அக்கா வந்து தானே ஊற்றினார். சொல்ல வாயைத் திறந்தேன். "என்னாடி?" என்றார். "ஒண்ணுமில்லக்கா."

சாயங்காலம் அம்மா போனிலிருந்து பலகைப் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். பேசத்தான் வராது. படம் பேசட்டும்.

ஜூன் 25, செவ்வாய்



அக்கா படத்தில் 'குற்றம்' என்பதை மட்டும்தான் படித்திருக்கிறார். மதியமே பொன்னுரங்கம் அண்ணனை வரவழைத்துவிட்டார். "எங்கனா கொண்டுபோயிடுண்ணா. போலீஸ் வந்து கடை வாசல்ல நின்னா மானமே போயிடும்."

"இதுக்கு ஏன் பேஜாராவுற? செம்பாக்கம் ஏரில வுட்டா நீந்திக்கினு போயிடும். யாருக்குத் தெரியப்போவுது?"

ரவிக்கை கொடுக்கும் துணிப்பையில் அதைப் போட்டு ஸ்கூட்டரில் மாட்டினார்.

ஏரி. அய்யோ, நான் அனுப்புன படத்தாலதான். இன்னாடி பண்ணிட்ட ஏஞ்சலு! எழுந்தேன். மடியில இருந்ததெல்லாம் கீழ கொட்டிச்சு. ஓடிப்போய்ப் பையைப் பிடிச்சுக்கிட்டேன். குரல் வரலை.

"வுடும்மா, என்ன இது?"

அப்புறம் வந்தது. பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். "அது நீந்தாதுண்ணா! முழுகிச் செத்துப்போயிடும்! இத்தினி நாளு அது வெளயாடல, தப்பிக்கப் பாத்துச்சு!"

பொன்னுரங்கம் அண்ணன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஜெயா, உன் ரெண்டாவது ஆமை பேசுதுடி."

அக்கா சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி முழுவதும் படித்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ராசின்னு சொல்லிச் சொல்லி அதை முழுகடிச்சோமா?" பலகையில் இருந்த எண்ணுக்கு அவரே போன் செய்தார்.

"ரெண்டு பேருமா சேந்து என்னைக் கம்பி எண்ண வெச்சுடாதீங்க" என்றார் அண்ணன். ஆனால் போகவில்லை.

ஜூன் 26, புதன்

வனத்துறையிலிருந்து ஏசுபாதம் என்பவர் வந்தார். காய்ந்த புல் போட்ட அட்டைப்பெட்டியில் ஆமையை வைத்தார். திட்டவில்லை. "எங்க வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பொன்னுரங்கம் அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "தெரிஞ்சவன்தான் சார். மனை வேலைல பழக்கம்." அப்புறம் மெதுவாக, "ஒரு கோணி நெறைய இருந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணா." பெயரையும் இடத்தையும் சொல்லிவிட்டார்.

அம்மா இரவு கேட்ட முதல் கேள்வி: "வேலை கீதா, போச்சா?"

"கீது."

"சரி, வா, மீன் ஆறிடப்போவுது."

ஜூலை 9, செவ்வாய்

ஏசுபாதம் சார் அக்காவுக்கு போன் செய்தார். ஆமைக்கு நுரையீரலில் சளியாம். ஊசி போடுகிறார்களாம். ஜெபத்தில் ஆமையைச் சேர்க்கலாமா? சேர்த்துவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

செம்பருத்திப் பூ தின்கிறதாம்!!

ஆகஸ்ட் 19, திங்கள்

கடை போன் அடித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு அக்கா என்னிடமே நீட்டினார். "உன் ஆளுதான். நீயே பேசு."

ஏசுபாதம் சார். அந்தக் கோணிக்காரனிடம் பிடித்தவற்றோடு நம் ஆமையையும் காட்டில் விட்டாயிற்றாம். எந்தக் காடு என்று கேட்டேன். "அது சொல்லக்கூடாதும்மா. மறுபடி கோணியோட வந்துடுவாங்க."

"நம்மது எப்டி இருக்கு சார்?"

"எதும்மா நம்மது? வுட்டதும் எல்லாம் புதருக்குள்ள பூந்துடுச்சு. இப்ப ஒண்ணுகூட கண்ணுல படல."

போனை வைத்தேன். "என்னாடி சொன்னாரு?" என்றார் அக்கா.

"எல்லாம் புதருக்குள்ள ஒளிஞ்சிக்கிச்சாம். ஒண்ணுகூட கண்ணுக்கே தெரியலையாம்க்கா" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.