தண்ணீரில் ஏறிய கோடு

நிலாத் தென்முனை ஆய்வு நிலையம்
ஐப்பசி 4, காலை 9.00

இதை எடுப்பவருக்கு வணக்கம். என் பெயர் மாசானமுத்து. இங்கே கருவிகளைத் துடைத்துப் பராமரிப்பவன். இந்த வயதில், சின்னத் திரையில் ஓடும் பாடத்தைப் பார்த்து எழுதப் படிக்கக் கற்றிருக்கிறேன். இங்கே என்னோடு இருக்கும் ஒரே ஆளான டாக்டர் ஜெசிந்தாவுக்குத் தெரியாது. அவருக்கு நான் இன்னும் கைநாட்டுதான். ஊர் திரும்பும் விண்வண்டியில் ஏறியதும் அவர் முன்னால் கையெழுத்துப் போட்டுக் காட்டுவேன். நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

இன்றைய வேலை: கிருமி சோதிக்கும் இயந்திரம். அதன் உலோகத் தட்டில் சிறு குழிகள். குழிகளில் வைக்கும் குழாய்களை அது மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்விக்கும். கிருமி இருந்தால் திரையில் கோடு ஏறும். இல்லையென்றால் படுத்துக் கிடக்கும். அதன் காற்று வடிகட்டியில் தூசி தட்டினேன். மூடியைத் துடைத்தேன்.

ஐப்பசி 4, மாலை 5.20

மதியம், ஆய்வுக்காகத் தோண்டி எடுத்த பனிக்கட்டி உருளை உடைந்து டாக்டரின் கையுறை கிழிந்தது. அந்தப் பனியில் கிருமி உண்டு. அவர் தனியறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். தரையில் உருகிய நீரை நான் துடைத்தேன்.

வண்டி ஏழாம் தேதி வந்து அவர் அறையின் வெளிக்கதவில் ஒட்டி நிற்கும். அவர் எச்சில் சுத்தமென்றால்தான் ஏற்றுவார்கள்.

ஒலிபெருக்கியில் டாக்டர்: “அண்ணாச்சி, என் குழாயை உள்ளயே மூடித் தாரேன். பக்கத்துல வெறுந் தண்ணி ஒண்ணு நீங்க ஊத்தி வைங்க. தண்ணில கோடு ஏறிச்சின்னா இயந்திரம் அழுக்கு. என் பலன நம்ப முடியாது.”

இரண்டு கோடும் ஏறின.

ஐப்பசி 5, பகல் 11.00

மின்சாரத்தை நிறுத்தி, தட்டை ஆறவிட்டேன்.

“குழிக்கு ஒரு பஞ்சுக்குச்சி. ஸ்பிரிட்ல நனைச்சாப் போதும், அபிஷேகம் பண்ணிராதிய!”

“இன்னைக்கு நமக்கு இதான டாக்டரம்மா சாமி?” என்றேன். சிரித்தார்.

பழைய சோதனைகளின் சாயம் குழிகளில் ஒட்டியிருந்தது. பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஸ்பிரிட் வாடைதான்.

ஐப்பசி 6, மாலை 4.00

அவர் கோடு படுத்துவிட்டது! தண்ணீர்க் கோடு மட்டும் ஏறுகிறது. கரகரத்த குரலில் சொன்னேன்.

“மறுபடி தொடைங்க அண்ணாச்சி. இதோட வண்டிக்காரன் ஒத்துக்க மாட்டான்.”

துடைத்தேன். குழாய்களை இடம் மாற்றி வைத்தேன். குழி அழுக்கென்றால் இப்போது அவர் கோடுதான் ஏற வேண்டும். ஏறவில்லை. கோடு தண்ணீரோடு கூடவே போயிற்று.

அவர் குழாய் உள்ளே மூடியது. தண்ணீரை ஊற்றியது நான்.

ஐப்பசி 7, காலை 6.10

என் எச்சிலை வைத்தேன். கோடு செங்குத்தாக ஏறியது. சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

6.40

“அண்ணாச்சி, சத்தத்தையே காணோம்? மயங்கிட்டியளா?”

இருக்கிறேன் என்று காட்டக் கதவைத் தட்டினேன்.

“தெறக்க முடியாமத் தட்டுதியளா? இருங்க, நான் வாரேன்.”

கைப்பிடி அசைகிறது.

6.55

பெரிதாக எழுதிக் கதவின் கண்ணாடியில் ஒட்டினேன். திறக்காதீர்கள். நீங்கள் சுத்தம். தண்ணீரில் ஏறியது என் கிருமி.

கைப்பிடி நின்றது.

“யாரு எழுதுனது? அண்ணாச்சிக்கு எழுத்து தெரியாதே! அங்க வேற யாரு இருக்கா?”

கைப்பிடி மறுபடி அசைந்தது. இன்னொரு தாளில் என் பெயரை எழுதி, பக்கத்தில் அவருக்குப் பழக்கமான என் கைநாட்டையும் வைத்துக் காட்டினேன்.

“கள்ளப் பய அண்ணாச்சி... எப்பய்யா படிச்சிய?” அழுதுகொண்டே சிரித்தார்.

8.30

தண்ணீரில் ஏறியது என் கிருமி என்று டாக்டர் விளக்கியதும் வண்டிக்காரன் ஒத்துக்கொண்டான். வண்டி புறப்பட்டது. அவர் அதில் இருக்கிறார். திரும்பி வருவேன் என்றார். வர வேண்டாம் என்று எழுதிக் காட்டினேன். ஓர் எழுத்துப் பிழையும் இல்லை.

தேதி தெரியவில்லை

மூச்சு வாங்குகிறது. மெல்ல எழுதுகிறேன். நீங்கள் யாரோ, இந்தத் தாளைக் கையுறை இல்லாமல் தொட்டிருந்தால் வெளியே போகாதீர்கள். குழாய்கள் அலமாரியின் மேல் தட்டில். உங்கள் எச்சிலை வைத்துப் பாருங்கள். இயந்திரத்தை நம்பலாம். நன்றாகத் துடைத்து