இரண்டு பக்கப் பெயர்கள்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு மாடியில். மெய்ப்புத் திருத்தம் அத்தியாயம் 16 வரை முடிந்தது. திங்கள் காலை அச்சுக்குப் போயாக வேண்டும். அடுத்த மாதப் புத்தகக் கண்காட்சிக்கு வராவிட்டால் பதிப்பாளர் என்னை மறந்தே போவார்.

ரஷ்ய நாவல், ஜார் காலம். அடங்க மறுத்த ஓர் உப்பளக் கிராமத்தைப் படை வந்து கொளுத்துகிறது. ஆங்கிலத்தில் போன வருடம்தான் வந்தது. அதிலிருந்து நான் தமிழுக்கு. கல்லூரியில் பாடம் நடத்திய நேரம் போக பதினோரு மாத உழைப்பு. என் முதல் புத்தகம். அட்டையில் 'தமிழில்: கோகிலா'. அதைப் போனில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்பதை இங்கேகூட எழுத மாட்டேன்.

மாடி அறையில் யமுனா. இவருடைய அக்கா மகள், வெள்ளகோவில். ரஷ்யாவில் ஆறு வருடம் டாக்டருக்குப் படித்தவள். இங்கே வைத்தியம் பார்க்க ஒரு பரீட்சை தேற வேண்டும். மூன்று தடவை போய்விட்டது. நாலாவது, வரும் ஞாயிறு. சரவணம்பட்டியில் கோச்சிங் என்பதால் எங்கள் வீட்டில்.

நாளைக்கு: காஸ் புக் பண்ண. ஹால் டிக்கெட் பிரிண்ட். அத். 17.

ஜூன் 10, புதன்

சாரல். வேலைக்காரம்மா வரவில்லை.

சாப்பிடும்போது யமுனா மேசையில் கிடந்த மெய்ப்பைப் புரட்டினாள். இந்த நாவலை ஹாஸ்டலில் ரஷ்ய மொழியிலேயே படித்திருக்கிறாளாம். இத்தனை நாள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அத். 17 வந்ததும் கை நின்றது.

"அத்தை, இங்க பேரெல்லாம் எங்கீங்க?"

எரிந்த ஊரில் எழுத்தரின் மனைவி செத்தவர்களின் பெயர்களை எழுதுகிறாள். ஆங்கிலத்தில் ஒரே வரி: பெயர்கள் நீண்டுகொண்டே போயின. நானும் அப்படியே எழுதி, நல்ல வரி என்று மெச்சிக்கொண்டேன். மூலத்தைப் போனில் எடுத்துக் காட்டினாள். இரண்டு முழுப் பக்கம். வீடு வீடாகப் பெயர்கள்.

பதிப்பாளருக்குப் போன் போட்டேன். ஆங்கிலத்தில் இல்லாதது நமக்கு எதற்கு, யாருக்குத் தெரியப் போகிறது என்றார். பிறகு இறங்கி வந்தார்: திங்கள் காலைக்குள் வந்தால் சேர்க்கலாம், வராவிட்டால் இருப்பதே போகும்.

எனக்கு ரஷ்ய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரிந்த ஒருத்திக்கு ஞாயிறு பரீட்சை. மனசு ஆறவே இல்லை.

ஜூன் 11, வியாழன்

யமுனாவிடம் கேட்பதில்லை என்று முடிவு. நல்ல முடிவு. காலையிலிருந்து அவளையே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

வெள்ளகோவிலிலிருந்து நாத்தனார் போன். "பாப்பா படிக்குதா கண்ணு? அந்த ரஷ்யாப் பொஸ்தகத்த அது கண்ணுல காட்டிப்போடாத." படிக்குதுங்க என்றேன்.

மூன்று மணிக்கு டீ எடுத்துப் போனேன். மருந்தியல் நோட்டுக்கு அடியில் வேறு தாள். தமிழில் பெயர்கள். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்காமலேயே.

பிடுங்கிக் கிழித்திருக்க வேண்டும். டீயை வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சனியன் பிடித்த ஆசை.

ஜூன் 12, வெள்ளி

முழுதும் கொடுத்துவிட்டாள். குண்டு குண்டான எழுத்து. தட்டச்சு செய்தேன். குதிரைக்காரன் சவேலி. அவன் மனைவி உஸ்தினியா. அவர்கள் கைக்குழந்தை, இன்னும் பெயர் வைக்கவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அழுதேன்.

இன்று அவளுக்கு மாதிரித் தேர்வு. போன வாரத்தைவிட மார்க் குறைவு. நானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டு நாள் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 13, சனி

காற்று ஓய்ந்தது. பேனா, ஹால் டிக்கெட், தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்தாகிவிட்டது.

புத்தகத்தில் உன் பெயரையும் போடட்டுமா என்று யமுனாவிடம் கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"போடுங்க அத்தை. மூணு தடவ ரிசல்ட்டுல என் பேரத் தேடிச் சலிச்சுப்போட்டேன். எங்கியாச்சும் ஒரு தாள்ல அது இருக்கட்டுமுங்க."

சாயங்காலம் நாத்தனாரிடம் சொன்னேன். கொதித்தார். பெயர் வந்தால் டாக்டருக்குப் படித்த பெண் கதை எழுதக் கிளம்பிவிட்டாள் என்று ஊரே பேசுமாம். போனை வைத்தபோது எனக்குள் ஒரு நிம்மதி. வெட்கமாக இருந்தது. இவரிடம் கேட்டால், பட்டறையில மோட்டார் வைண்டிங் பண்ணினவன் பேரையும் நாங்க பில்லுல போடறதில்லை என்றார். உதவாத மனுஷன்.

ஜூன் 14, ஞாயிறு

பரீட்சை. வாசலில் எத்தனை பெற்றோர்கள். யாரும் சாப்பிடப் போகவில்லை. நானும் சாப்பிடவில்லை.

ஐந்து மணிக்கு மேல் வெளியே வந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பைக்குள் எதையோ தேடிக்கொண்டே சொன்னாள், மருந்தியலில் நிறையக் கேட்டுவிட்டார்களாம். எந்த நோட்டுக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீடு வரை தோளை அசைக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான்.

ஜூன் 15, திங்கள்

மறுபடி காற்று. ஏழரைக்கு அச்சகத்துப் பையன் போன். பெயர்ப் பக்கம் மட்டும் பாக்கி, ஒரு பெயரா, இரண்டா?

ரெண்டு என்றேன். நாத்தனாரை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுப்பில் எனக்காகத் தோசை ஊற்றிக்கொண்டிருந்த யமுனா திரும்பிப் பார்த்தாள்.

மேல யார் பேருங்க என்றான் பையன். "அகர வரிசைப்படி போட்டுடுங்க" என்றேன். சொல்லவே நேர்மையாக இருந்தது. கோகிலா, யமுனா. க எங்கே வரும், ய எங்கே வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன்.

அவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் கல்லை மறந்து நின்றாள். தோசை கருகிவிட்டது.

"நீங்க உக்காருங்க அத்தை, வேற ஊத்தறேன். இத நான் தின்னுக்கறேனுங்க."