பெரியம்மா கொடுத்த டார்ச் லைட்

அக்கா,

இன்று அபர்டீன் பஜாரில் பேரப்பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் சாமான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பொம்மைப் பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை அடித்தது. பக்கத்தில் நின்ற என் மகள் பிலோமி, "பெரியம்மா இருந்தா இதையா எடுத்திருப்பாங்க?" என்றாள். பெற்றவள் நான் நிற்கிறேன். நீங்கள் போய் இத்தனை காலம் ஆகியும் அவளுக்கு உங்கள் தேர்வுதான் தேர்வு.

தூத்துக்குடியிலிருந்து இந்தத் தீவுக்குப் படகு கட்ட வந்த அண்ணனை நீங்களும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு, ஜங்கிலிகாட்டில் ஒரே அடுப்பில் பொங்கிய நாட்கள் அவை. உங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அந்தோணியும் பிலோமியும். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நான் தேடித் தேடி வாங்கியது மூலையில் கிடக்கும். நீங்கள் கொடுத்ததைக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள்.

ஒரு வருடம் உங்களை ஜெயித்தே தீருவது என்றிருந்தேன். மெட்ராஸ் கப்பல் தாமதமாகி, பண்டிகைக்கு முந்தின நாள்தான் வந்தது. சரக்கு வருவதற்கு முன்பே பாய் கடையில் போய் நின்றுவிட்டேன். அவர் பெட்டியின் ஆணியைப் பிடுங்கப் பிடுங்க, கண் மூடித் திறக்கும் பொம்மையையும் சாவி கொடுத்தால் ஓடும் காரையும் பறிக்காத குறையாக வாங்கிவந்தேன். நீங்கள் பஜார் பக்கமே போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

காலையில் பூசை முடிந்து வந்ததும் அந்தோணிக்கு நீங்கள் கொடுத்தது நிஜச் சுத்தியல். கைப்பிடி மட்டும் அவன் பிடிக்கு ஏற்றபடி சின்னது. பிலோமிக்கு, எப்போதோ வாங்கி ஒளித்துவைத்திருந்த ஒரு குட்டி டார்ச் லைட். நாலு வயதுக் குழந்தைக்கு டார்ச்சா என்று கேட்டேன். பொழுது சாய்ந்தால் கொல்லைக்குப் போக அவள் நடுங்குவது உங்கள் கண்ணில் பட்டிருந்தது. நான் அதட்டித்தான் அனுப்புவேன். அன்று சாயங்காலம், தெருவில் பழகிய இந்தியில் "மேரா பத்தி", என் விளக்கு, என்று அதை ஆட்டிக் காட்டிவிட்டு, அவள் தனியாகவே போய்வந்தாள். பொம்மை பாயில் கண்ணை மூடிக் கிடந்தது.

அடுப்படிக்கு வந்து கேட்டே விட்டேன். "எம் புள்ளைகள எங்கிட்டருந்து பிரிக்கப் பாக்கியளா அக்கா?"

நீங்கள் கோபப்படவில்லை. மீனைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "காய்ச்சல் வந்தா ரெண்டும் என்னத் தள்ளிட்டு ஒங்கிட்டதான ஓடுது. அப்பம்லாம் எனக்கு வயிறு எரியும் புள்ள. வருசத்துல ஒரு நாள் நீ எரிஞ்சா என்ன?"

அதோடு என் மனம் இளகிவிட்டது என்று எழுத ஆசைதான். இளகவில்லை. அடுத்த வருடமும் பாய் கடைக்கு ஓடினேன், அடுத்த வருடமும் தோற்றேன். உங்களை அடக்கம் செய்த அன்று வளர்ந்த பிள்ளைகள் இரண்டும் கதறியபோது, எனக்கும் இப்படி அழுவார்களா என்றுதான் முதலில் தோன்றியது.

போன மாதம் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் பூவுமாக உங்களிடம் வந்தேன். எனக்கு முன்பே அந்தோணியும் பிலோமியும் வந்து, கழுவி, மாலை போட்டு, வரிசையாக ஏற்றி வைத்திருந்தார்கள். "எங்க பெரியம்மாவுக்கு நாங்க எல்லாம் செஞ்சிட்டோம்மா" என்றான் அவன். என் மெழுகுவர்த்தி வைக்க இடம் இல்லை.

எங்க பெரியம்மாவாம். உங்களோடு சேர்ந்து சமைத்தவள் நான், சண்டை போட்டவள் நான், உங்கள் வாயால் 'புள்ள' என்று கூப்பிடப்பட்டவள் நான். அவர்கள் பூவைச் சற்று ஒதுக்கிவிட்டு, உங்கள் தலைமாட்டில் என்னுடையதை ஏற்றிவைத்தேன்.