அத்தையை வானத்தில் படம்பிடிக்க ஒரு லென்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

ஊரிலுள்ள கழுத்து வலிக்காரர்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு இன்றே என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்துவிட்டார்கள். களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால், அவர் வீட்டிலிருந்து சாப்பிட வந்திருந்த அத்தை மேசையில் குண்டைப் போட்டார்.

"நீ வாராவாரம் விமானத்துலேருந்து குதிக்கிறியே, நானும் ஒரு தடவை குதிச்சுப் பாக்கணும்."

அவருடைய மகனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, புரையேறிவிட்டது. நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றவே கை நடுங்கும் மனிதர். பணிக்காலம் முழுக்க பஸ் ஓட்டிய அம்மாவுக்கு இப்படி ஒரு பிள்ளை.

"படம் நீதான் எடுக்கணும். வேற யாரும் வேணாம்" என்றார் அத்தை.

மார்ச் 7, சனி

விமானத் திடலில் தலைமைப் பயிற்றுநரிடம் கேட்டேன். அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது; எல்லோருக்கும் 'மீசை'தான். அத்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவரே குதிப்பாராம். ஆனால் நான் முதலில் ஹெல்மெட்டில் கேமராவோடு குதித்துப் பழக வேண்டும். இத்தனை வருடமாகக் குதிக்கிறேன், படம் எடுத்ததே இல்லை.

"முதல்ல கேமரா மாட்டுற மவுன்ட்டை எங்க வைக்கப்போறேன்னு முடிவு பண்ணு, லென்ஸெல்லாம் அப்புறம். படம் நல்லா வர்றது ரெண்டாவது. நீ நல்லபடியா வர்றது முதல்ல."

மார்ச் 8, ஞாயிறு

உச்சியிலா, பக்கவாட்டிலா? பக்கவாட்டில் வைத்தால் கை எட்டும். ஆனால் கழுத்து ஒருபக்கமாக இழுக்கும். உச்சியில் வைத்தால் பாரம் நடுவில் நிற்கும். ஆனால் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும்.

"ரெண்டும் வேணாம். ஒரு போட்டோக் கடைல போய் உக்காந்து எடுத்துக்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர்.

பக்கவாட்டிலேயே வைத்துப் பார்க்கிறேன்.

மார்ச் 11, புதன்

ஊருக்கெல்லாம் கழுத்துப் பயிற்சி சொல்லும் எனக்கே கழுத்துப் பிடிப்பு. நோயாளி ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

உடைகூட மாற்றாமல் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எழுதினால் பயம் அடங்குமா?

பாராசூட் விரியும்போது ஒரு கயிறு கேமராவில் மாட்டிக்கொண்டது. தலை வெடுக்கென்று பின்னால் போனது. மேலே துணி முழுசாகப் பிரியவில்லை. ஐயோ, அவ்ளோதான்னு நினைச்சேன். ஹெல்மெட்டையே கழற்றி எறிந்துவிடலாமென்று தாடைக் கொக்கியைத் தேடினேன் — அது இறுகிக் கிடந்தது, விரலுக்கே அகப்படலை. அதற்குள் கயிறு தானாக வழுக்கி விடுபட்டது. துணி விரிந்தது. அதுக்கப்புறம்தான் மூச்சே வந்தது.

மீசை திட்டவில்லை. மவுன்ட்டைத் தடவிப் பார்த்தார். "நீட்டிக்கிட்டு நிக்கிறதையெல்லாம் கயிறு பிடிக்கத்தான் செய்யும். மாத்திட்டு வா."

விட்டுவிடலாமா? அத்தையிடம் என்ன சொல்வது?

மார்ச் 17, செவ்வாய்

விடவில்லை. உச்சியில் ஒட்டிப் படுத்திருக்கும் தட்டையான மவுன்ட் வாங்கினேன். கொம்பு இல்லை, வெறும் புடைப்புதான். இடுக்குகளையெல்லாம் அடைத்து, மேலே டேப் ஒட்டியாகிவிட்டது. தாடைக்கு ஒரே இழுப்பில் கழலும் கொக்கி. சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்துப் பழகினேன். ஒருமுறை ஹெல்மெட் உருளைக்கிழங்குக் கூடைக்குள் விழுந்தது. "நல்லா வேலை செய்யுது" என்றார் வீட்டுக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மார்ச் 22, ஞாயிறு

புது மவுன்ட்டோடு பாராசூட் பூப்போல விரிந்தது. அப்பாடா!

இனி லென்ஸ். எங்கள் குழுவின் ஒல்லிக்குச்சி 'குருவி'யை வைத்துப் பரீட்சை. சாதாரண லென்ஸில் அவளுக்குப் பாதித் தலையைக் காணோம். நல்ல அகலமான லென்ஸில் அவள், வானம், பூமி எல்லாம் அடங்கிவிட்டன. ஆனால் குருவி கொசுவாகிவிட்டாள்.

"அகலம்னா அப்படித்தான். கை எட்டுற தூரத்துக்குப் போனாத்தான் மூஞ்சி தெரியும்" என்றார் மீசை.

அவ்வளவு கிட்டத்தில் போய், மோதாமல் மிதக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அகலமானதுதான். கொஞ்சம் தலை திரும்பினாலும் அத்தை படத்தைவிட்டு வெளியே போகமாட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

வீட்டிலேயே ஒத்திகை. சக்கரம் வைத்த என் மேசை நாற்காலியில் அத்தை கையைக் காலை விரித்துக்கொண்டு உட்கார, அவர் மகன் கூடம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போக, நான் ஹெல்மெட்டோடு பின்னும் முன்னும் ஓடினேன். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

படத்தைப் பார்த்தால் எல்லாவற்றிலும் அத்தை தூரத்தில்தான் இருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. அதேபோல் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசியதும் கிடையாது. மரியாதை, மரியாதை, ஒரே மரியாதை.

அத்தையும் பார்த்தார். "இன்னும் கிட்ட வாம்மா. நான் கடிக்க மாட்டேன்."

ஏப்ரல் 5, ஞாயிறு

குதித்தாகிவிட்டது!!

விமானத்தில் மீசைதான் பேசிக்கொண்டே வந்தார். கதவு திறந்ததும் அத்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் வெளியே கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி காத்திருந்தேன். அவர்கள் சரிந்ததும் நானும் கையை விட்டேன்.

காற்றில் அத்தையின் கன்னங்கள் கொடியில் காயும் துணி மாதிரி படபடத்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போனேன். இன்னும் கொஞ்சம். அத்தை கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து மீசை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு, பாராசூட்டைத் திறக்கப்போவதாகச் சைகை செய்தார்; நான் விலக வேண்டும். அத்தைதான் விரலை விடவில்லை, நானே உருவிக்கொண்டேன்.

என் பாராசூட் எதிலும் மாட்டாமல் விரிந்தது. கீழே வீட்டுக்காரர் வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் "வந்துட்டாங்களா? வந்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"பஸ்ஸை இந்த வேகத்துல ஓட்டியிருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே புல்லில் உட்கார்ந்தார் அத்தை.

ஏப்ரல் 6, திங்கள்

மூவரும் சேர்ந்து பார்த்தோம். அடிவானம் பூசணிக்காய்போல வளைந்திருக்கிறது. நீட்டிய கை தலையணை அளவுக்கு வருகிறது. அதற்குப் பின்னால் அத்தையின் முகம், சின்னப் பெண்ணைப்போல.

"மூஞ்சி ஏன் இவ்ளோ அகலமா இருக்கு?"

"லென்ஸ் அப்படி, அத்தை."

"லென்ஸ் மேல பழி போடாத. ரிட்டயர் ஆனதுலேருந்து இப்படித்தான்."

வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கை வரும் இடத்தை மறுபடி போடச் சொன்னார்.

ஏப்ரல் 15, புதன்

சாயங்காலம் என் கைபேசியில், தன் வீட்டிலிருந்து அத்தையின் அழைப்பு. மகனைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, "அவர் குளிக்கிறார் அத்தை, வந்ததும் பேசச் சொல்றேன்" என்றேன்.

"அவன் குளிக்கட்டும். உன்கிட்டதான் பேசலாம்னு."

"என்ன விஷயம் அத்தை?"

"விஷயம் ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்தார், தலை துவட்டினார், தானே தட்டு வைத்துச் சாப்பிட்டும் முடித்தார். நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தோம்.