நியாமிசி கேட்ட நிழல்

டார் எஸ் சலாம்

அம்மாவுக்கு ஷிகமூ, என் வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

வெயிலில் நின்று டிக்கெட் விற்றதில் காதில் வந்த சின்னப் புண்ணை டாக்டர் வெட்டி எடுத்துவிட்டார். ஆறிவிட்டது, பயப்படாதே. என்னோடு டிக்கெட் விற்கும், என்னைப் போலவே நிறமியில்லாமல் பிறந்த நியாமிசி நேற்று சூப்பர்வைசரிடம் போய், எங்கள் இருவருக்கும் நிழல் கேட்டாள்.

"நிழல் கேக்க நீ என்ன வெள்ளைக்காரியா?"

"வெள்ளைக்காரியா இருந்தா நீங்களே குடை புடிச்சிருப்பீங்களே, முதலாளி!"

பேருந்து நிலையமே சிரித்தது. நிழலுக்கும் நிறம் பார்க்கிற ஊர் இது. நான் கேட்கத் துணியாததை அவள் கேட்டு வாங்கிவிட்டாள். இன்று கூரைக்கடியில் எங்களுக்கு மேசை போட்டிருக்கிறார்கள்.

வேலைக்கு நடந்து வர, நீ பின்னும் ஓலைத்தொப்பி இரண்டு அனுப்பு. விளிம்பு காதை மூடட்டும். ஒன்று அவளுக்கு. என்னுடையதை மட்டும் ஒரு நாள் நீ போட்டிருந்துவிட்டு அனுப்பு.

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவரும் பேருந்து ஹாரன் அடிக்கிறது.

உன் மஷாகா