அருவிக்கு அடுத்த சனிக்கிழமை

அக்டோபர் 6, திங்கள்

நான் வாத்தியாராக இருந்த காலத்தில், பள்ளிச் சுற்றுலா கிளம்பிய ஒரு காலையில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், எல்லாரும் முன்னாடியே போயிட்டா கடைசியா யாரு வருவா?" பேருந்தே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து எந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டாலும் கடைசியாக வரப்போகிறவரைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த முறை அவர் தையல்காரர். காலையில் பூங்காவில் சேர்ந்து நடக்கும் எங்கள் நால்வரில் ஒருவர். மற்ற இருவர் மருந்துக்கடைக்காரரும், வேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஓட்டுநரும். தையல்காரருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று கடையை மூடிவிட்டார். மனைவியும் இல்லை. வெளியூரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி ஒரு வருடமாகக் கூப்பிடுகிறாள். "அந்த அருவிய ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

அருவி இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். காட்டுப் பள்ளத்தாக்குக்குள் சின்ன நடை. கடை கடை என்று இருந்துவிட்டதில் மனிதர் இதுவரை பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை போகிறோம். ஓட்டுநரின் பழைய வேனில்.

அக்டோபர் 8, புதன்

திட்டம் தயார். மலை என்றால் களைத்த இடத்தில் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில். மிட்டாயை முதலில் தின்றுவிட்டு மாத்திரையைக் கடைசியில் விழுங்குவது போல. அதனால் போகும்போதே மூன்று இடத்தில் உட்கார வேண்டும். தண்ணீரில் பாதியைத் திரும்பி ஏறுவதற்கு வைத்திருக்க வேண்டும்.

என் மனைவி தாளை எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நாலு கிழவங்க அருவி பார்க்கறதுக்கா இது? ஏதோ படையெடுப்பு மாதிரி இருக்கு!"

சிரிக்கட்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

மருந்துக்கடைக்காரர் காலை வாரிவிட்டார். "நாளைக்குச் சரக்கு வருது சார். அடுத்த சனிக்கிழமை வச்சுக்குவோமே, அருவி எங்க ஓடிடப் போகுது?"

ஓடுவதுதானே அதன் வேலை!

அக்டோபர் 13, திங்கள்

ஓட்டுநர்: "பிரேக் சரியில்ல சார். கீழ போறதுக்கு பிரச்சினை இல்ல, நேரா போயிடலாம். நிக்கறதுக்குத்தான் வழியில்ல."

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும். சிரித்திருக்கக் கூடாது.

அக்டோபர் 17, வெள்ளி

நாளையும் இல்லை.

வேன் இன்னும் பட்டறையில் இருக்கிறதாம். வாடகை வண்டி பிடிக்கலாம் என்றேன். உடனே மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார்: அட்டை கடிக்கும், சர்க்கரை இறங்கிவிடும், பாசியில் வழுக்கும், வழுக்கினால் இடுப்பு. மருந்துச் சீட்டை வாசிப்பது போல வாசித்துக்கொண்டே போகிறார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பையன்கூட இத்தனை காரணம் சொன்னதில்லை.

தையல்காரர் நடைக்கென்று வாங்கிய ஷூவைக் கடிக்காமல் இருக்கத் தினமும் போட்டுக்கொண்டு வருகிறார். அதைப் பார்த்தும் இவர்களுக்கு மனம் இளகவில்லையா?

வனக்காவலருக்கு ஃபோன் செய்தேன். "தண்ணி குறைஞ்சுட்டே வருது சார். இந்த மாசம் தாண்டினா ஈரப் பாறையைத்தான் பார்க்கணும்." தண்ணீரும் குறைகிறது, தையல்காரர் பார்வையும் குறைகிறது. இதை எப்படிப் புரியவைப்பது? பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவன் நான். இன்று பூங்கா பெஞ்சைக் கையால் அடித்துவிட்டேன். கைதான் வலிக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

ஓட்டுநர் வீட்டுக்கே போனேன். வாசலில் வேன் நிற்கிறது! என்ஜின் ஓடுகிறது, அவர் பாட்டுக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வேனை எங்கே மறைப்பார்?

"பட்டறையில இருக்குன்னு சொன்னீங்களே?"

"திட்டுங்க சார், திட்டு வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு யோசிங்க. அருவியப் பார்த்துட்டு வர்றேன்னுதானே மககிட்ட சொல்லியிருக்கான்? பார்த்துட்டா? மறுநாளே பெட்டியக் கட்டிடுவான். வண்டி ஓடலன்னா அவன் இங்கதான இருப்பான்?"

மருந்துக்கடைக்காரரும் கூட்டாம். சரக்கு, அட்டை, சர்க்கரை, எல்லாம் நாடகம்.

"உங்களுக்குச் சொல்லல. நீங்க அட்டவணை போட்டு அனுப்பி வைக்கிற ஆளு."

நான் அவரை அனுப்பி வைக்கிறேனா? நானா?

தையல்காரர் மகளிடம் சொன்னதை என் கையாலேயே இங்கே எழுதியிருக்கிறேன். அது எனக்கு உறைக்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தையல்காரர் கேட்டார்: "சார், இந்தச் சனிக்கிழமை உறுதிதானே?"

"மழை வரும் போலிருக்கு" என்றேன்.

வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ.

அக்டோபர் 25, சனி

இப்போதுதான் வீடு திரும்பினேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் பூங்காவுக்குத் தையல்காரர் வரவில்லை. வீடு பூட்டியிருந்தது. காய்கறிக்கடை அம்மா சொன்னார்: "முதல் பஸ்ஸுக்கே போயிட்டாரே. புது ஷூ போட்டிருந்தார்."

தனியாக! அந்தக் கண்ணோடு, பள்ளத்தாக்குக்குள்! ஓட்டுநர் வேனை எடுத்தார். பிரேக் பிரமாதமாக வேலை செய்தது. நான் அட்டவணையில் எழுதியிருந்த ஒரு இடத்திலும் நாங்கள் உட்காரவில்லை.

கல் படிகள் முடிந்து மர வேர்கள் தொடங்கும் இடத்தில் அவர் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"வேர் எது, நிழல் எதுன்னு தெரியல. அதான் உட்கார்ந்துட்டேன்."

மருந்துக்கடைக்காரர் கத்தினார்: "அறிவிருக்கா உனக்கு? விழுந்து தொலைச்சிருந்தா?"

"விழுந்திருந்தா உங்களுக்கு நல்லதுதானே? கால் ஒடிஞ்சு இங்கயே கிடந்திருப்பேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்னய்யா முழிக்கறீங்க? வாழ்நாள் பூரா வர்றவங்ககிட்ட 'நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க'ன்னு சொல்லியே காலத்தை ஓட்டின தையல்காரன் நான். எங்கிட்டயே நாளைக்குச் சொல்றீங்களா? முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, பேசாம இருந்தேன். ஆனா சாரும் மழைன்னு சொன்னாரு பாருங்க, அப்பதான் பயம் வந்துச்சு. இனிமே என்னை யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்கன்னு."

ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தையல்காரர் கையைப் பிடித்து எழுப்பி, கீழே அழைத்துப் போனேன். இரண்டடியில் தடுமாறினார்.

"இழுக்காதீங்க சார். தோளைக் குடுங்க. பிடிக்கறதை நான் பிடிச்சுக்கறேன்."

அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம். பெரிய அருவி இல்லை. இரண்டு மாடி உயரம் இருக்கும். அவர் சாரலில் முகத்தை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஒரு கட்டு வெள்ளைத் துணிய மேல இருந்து பிரிச்சு விட்ட மாதிரி இருக்கு. ஓரம்தான் தெரியல" என்றார். பிறகு, "ஓரம் எதுக்கு?"

அக்டோபர் 30, வியாழன்

தையல்காரரை ஏற்றிக்கொண்டு ரயில் போய்விட்டது.

நவம்பர் 3, திங்கள்

பூங்காவில் மூன்று பேர். ஓட்டுநர் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டே நடக்கிறார். நானோ மருந்துக்கடைக்காரரோ அதை நிரப்பவில்லை.

மாலையில் தையல்காரரே ஃபோன் செய்தார். மகள் வீட்டுக்குப் பக்கத்திலும் பூங்கா இருக்கிறதாம். மகள் தினமும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாளாம். "நீங்களே பாடம் எடுங்க சார், நான் சொன்னா கேட்க மாட்டேங்கறா" என்று ஃபோனை அவளிடம் கொடுத்துவிட்டார். அவளிடம் சொன்னதையே இதைப் புரட்டுகிறவர்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

கண் சரியாகத் தெரியாதவரோடு நடக்கும்போது நீங்கள் அவர் கையைப் பிடிக்காதீர்கள். அவர் கையை உங்கள் தோளில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓரடி முன்னால் நடங்கள். படி வந்தால் நின்று சொல்லுங்கள். எப்போது விடுவது என்பதை அவர் கைக்கே விட்டுவிடுங்கள். ஒரு தடவை செய்து பாருங்கள்.